பெரியவரின் கடைசி நாற்பது நிமிடம்

பத்து ஐம்பது. கட்டளை போய்விட்டது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறிப் போய், வாங்கிக்கொண்டேன் என்று பதில் திரும்பி வரக் கால் நொடி; எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஒரு தீப்பெட்டி எடுத்துக் கொடுக்க இதைவிட நேரம் பிடிக்கும். திரையில் த்ரஸ்டர் வெப்பம் ஏறுகிறது, நாற்பது, அறுபத்தைந்து, நூறு, நூற்றிருபது. நூற்றிருபதில் நிற்கட்டும். அந்தச் சின்னக் குழாய் விட்டு விட்டு எரிபொருளைப் பீச்சிப் பெரியவரை, எங்கள் பழைய செயற்கைக்கோளை, மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. பீச்சுகிற வரை அது சூடாக இருக்கும், சூடாக இருக்கிற வரை தொட்டியில் ஏதோ மிச்சம் இருக்கிறது. எண் இறங்கினால் எல்லாம் தீர்ந்தது. இன்றைக்கு எனக்குத் தேவை இந்த ஒரு எண்தான், நாற்பது நிமிடத்துக்கு அது இறங்கக் கூடாது. நாற்பது நிமிடம் எரிந்தால் பெரியவர் மற்ற செயற்கைக்கோள்களின் பாதையைத் தாண்டி, யாரும் வராத உயரத்துக்குப் போய்விடுவார், அங்கே அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கலாம். நடுவில் நின்றால் அரைகுறை உயரத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும், அடுத்தவர் வீதியில் குறுக்கே குறுக்கே போய்க்கொண்டிருப்பார், நூறு வருடமோ ஆயிரம் வருடமோ, யார் மேல் எப்போது இடிப்பாரோ. அப்படி நடந்தால் அது என் கையெழுத்தால் நடந்தது. என்னைத் தவிர இந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. “எம்மா செங்கமலம், டீ சொல்லட்டுமா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்கிறார் பக்கத்து நாற்காலியில் செல்லையா அண்ணாச்சி. நாசரேத்துக்காரர், பதினைந்து வருடமாக என் பக்கத்து நாற்காலிக்காரர். வேண்டாம் அண்ணாச்சி என்று சொன்னேன். சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, தெரியவில்லை. அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

மூன்றாவது நிமிடம். நூற்றிருபது. பெரியவர் என்று பெயர் வைத்ததே அண்ணாச்சிதான். போன வருடக் கடைசியில் புதுக் கோள் மேலே போய் அவருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்ததும், ஒரே வீட்டில் இரண்டு ஆம்பிளைகள், யாரைச் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா, இவர் பெரியவர் அவர் சின்னவர் என்றார். கோப்பில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணுமாக வேறு பெயர் இருக்கிறது, அதை நாங்கள் கடிதத்தில் மட்டும் எழுதுவோம். பெரியவர் மேலே ஏறிய வருடம்தான் நான் வேலைக்கு வந்தேன். அவருடைய சூரியத் தகடு விரிந்த அன்றைக்கு ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் சிக்கிக்கொண்டது. குலுக்கிப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, குலுக்கினோம், விரிந்தது. வீட்டில் பீரோக் கதவுக்கு அம்மா செய்கிற வைத்தியம். ஐந்தாவது வருடம் ஒரு நாள் பூமியைப் பார்க்கிற கண்ணை வேறெங்கோ திருப்பிக்கொண்டு ஆறு மணி நேரம் படுத்துவிட்டார், பாதி நாட்டுக்கு டிவி இல்லை, எங்கள் தொலைபேசியில் வந்த வசவை எல்லாம் சேர்த்தால் ஒரு அகராதி போடலாம். மற்றபடி பதினைந்து வருடம் ஒரே வேலை, கீழிருந்து வருவதை வாங்கு, கொஞ்சம் பலமாக்கு, கீழே விடு. புயல் செய்தி, தேர்தல் முடிவு, மாமியார் மருமகளை அறைகிற சீரியல், பால் குக்கர் விளம்பரம், எல்லாம் அவர் வழியாகத்தான் போயின, ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பாரா. ஒரு சேனலுக்கு அவர் செலவழித்த மின்சாரம் நம் பழைய குண்டு பல்பு அளவுதான். அந்தக் குண்டு பல்பு வெளிச்சத்தில்தான் அப்பா ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், இல்லை, பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்பா பற்றி இப்போது நினைக்கக் கூடாது. எண்ணைப் பார். நூற்றிருபது.

ஏழாவது நிமிடம். நினைக்கக் கூடாது என்றால் வேறு எதை நினைப்பது. விஷயம் இவ்வளவுதான். செயற்கைக்கோளில் எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று காட்ட முள் கிடையாது. எடையில்லாத இடத்தில் திரவம் தொட்டிக்குள் எங்கே வேண்டுமானாலும் மிதக்கும், முள் என்ன செய்யும். ஏற்றி அனுப்பும்போது இவ்வளவு, ஒவ்வொரு தடவை அவரை நகர்த்தும்போதும் செலவு இவ்வளவு என்று பதினைந்து வருடமும் தாளில் கழித்துக்கொண்டே வருவோம், மிச்சம் ஊகம். ஊகம் ஒரு எண்ணாக வராது, இதிலிருந்து இதுவரை என்று வரும். எப்போதும் குறைந்த எண்ணைத்தான் எழுத வேண்டும், இது எங்கள் தொழிலின் முதல் பாடம், புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் இதே மாதம் பெரியவரின் தொட்டியில் பதினான்கு கிலோவிலிருந்து பதினாறு கிலோ வரை என்று வந்தது. சின்னவர் மேலே போக இன்னும் எட்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவரை இன்னும் ஒரு வருடம் ஓட்ட எட்டு கிலோ, பிறகு இந்த உயரத்துக்கு ஏற்றி அனுப்ப ஏழு கிலோ, ஆக மொத்தம் பதினைந்து வேண்டும். பதினான்கு என்று எழுதினால் அவரை உடனே அனுப்பிவிட வேண்டியதுதான். நான் பதினாறு என்று எழுதினேன். கீழே செங்கமலம் என்று கையெழுத்துப் போட்டேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பதினைந்து வருடம் குறைத்தே எழுதியவள் ஒரு தடவை கூட்டி எழுதினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள். இந்த வாரம் மூன்று தடவை எரித்து ஐந்து கிலோ போயிற்று, இன்றைய நாற்பது நிமிடத்துக்கு இரண்டு கிலோ வேண்டும். பதினான்குதான் உண்மை என்றால் தொட்டியில் இப்போது இருந்தது ஒரே கிலோ. ஒரு கிலோ இருபது நிமிடம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பதினொன்று பத்துக்கு அந்த எண் இறங்கும்.

டீ வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வருகிற டீ. நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது, ஐயோ, இல்லை, நூற்றிருபது. அப்பா கண்டக்டராக இருந்து பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனவர், மன்னார்குடி திருத்துறைப்பூண்டி ரூட்டில் அவர் ஏறுகிறார் என்றால் பஸ்ஸே நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். அத்தையின் வீட்டுக்காரர், மாமா, அவரும் கண்டக்டர். ஒரு நாள் தன் அம்மாவைச் சீட்டு இல்லாமல் ஏற்றிக்கொண்டு வந்தார், அப்பா ஏறினார், எண்ணினார், ஒரு தலை அதிகம். தங்கை புருஷனுக்கே மெமோ கொடுத்தார். இரண்டு வருடம் அத்தை எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. எண்ணுறப்ப சொந்தம் பாக்கக் கூடாது, எண்ணி முடிச்சப்புறம் பாத்துக்கலாம் என்பார் அப்பா. எண்ணி முடித்து, தாளில் கையெழுத்துப் போட்டு, கீழே இறங்கி, பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டு. போலாம் ரைட். பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் முதுகிலும் அதே இரண்டு தட்டு, அதே போலாம் ரைட். அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஒரு சொல் இல்லை. ஆ என்பார், ஊ என்பார், கண்ணால் தண்ணீர் விடுவார். நான் லீவு போட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லுங்கப்பா, செங்கமலம் சொல்லுங்க, என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொல்வேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினொன்று அடித்துவிட்டது. இப்போது மன்னார்குடியில் எங்கள் வீட்டு டிவியில் ‘பதினோரு மணி அடுப்பு’ ஆரம்பித்திருக்கும். அது ஒரு துக்கடா சேனலின் சமையல் நிகழ்ச்சி, ஒரு மாடி, இரண்டு கேமரா, சமையல் செய்கிற மணவாளன் என்கிற மனிதருக்கு ஞாபகமறதி. அப்பா படுத்த எட்டாவது மாதம் ஒரு நாள் மணவாளன் வத்தக்குழம்பு வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, இறக்கிவிட்டார். அப்பா கட்டிலில் இருந்து தலையைத் தூக்கி, உப்பு, என்று கத்தினாராம். அண்ணி கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டாள். எனக்கு அவள் போன் செய்து, “செங்கமலம், மாமா உப்புன்னாங்க, உப்புன்னாங்க” என்று அதையே சொல்லி அழுதாள். மனுசன் நிஜமாகவே உப்புப் போடவில்லை என்பதுதான் விசேஷம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அப்பாவால் சும்மா இருக்க முடியுமா. அதிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அப்பா அந்த மணவாளனைச் செக்கிங் செய்கிறார். புதிதாக ஒரு சொல் வந்தால் அண்ணி தேதித்தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பாள். உப்பு, தண்ணி, போதும், தப்பு, கருகுது. தப்பு என்பது தினமும் வரும். உப்பு வந்து பதினோராம் நாள் என் மேசைக்கு அந்தத் தாள் வந்தது, பதினான்கிலிருந்து பதினாறு வரை. பெரியவரை அனுப்பினால் பெரிய சேனல்களுக்கு வேறு கோளில் இடம் கிடைக்கும், இந்தத் துக்கடா சேனலுக்கு எவன் கொடுப்பான், மூடிவிடுவார்கள். வேறு வழி யோசித்திருக்கலாம், வேறு சமையல் நிகழ்ச்சி இல்லாமலா போய்விடும், சமைக்கிற எவனாவது எதையாவது மறக்காமலா இருப்பான். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பயம். பயந்தவள் கை எழுதியது. ஒரு வருடத்தில் முப்பத்தொரு சொல். அப்பாவின் பேச்சும் எங்கள் ஊர் மாதிரிதான் இப்போது, கோயில் பாதி குளம் பாதி, சொல் பாதி சத்தம் பாதி. முப்பத்தொன்றில் என் பெயர் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய்.

பதினொன்று ஒன்பது. பத்து. இருபதாவது நிமிடம். கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, என் கைதான். நூற்றிருபது. பத்தொன்பது. பதினெட்டு. பதினெட்டா? சொல்லிவிட வேண்டும், இப்போதே எழுந்து, அண்ணாச்சி நான்தான் என்று. பதினெட்டிலேயே நிற்கிறது. பத்தொன்பது. “சூரியன் கோணம் மாறுதுல்லா, ரெண்டு டிகிரி ஆடத்தான் செய்யும், நீ என்ன புதுப்பிள்ள மாதிரி?” என்று அண்ணாச்சி என் டீயையும் சேர்த்துக் குடிக்கிறார். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தான் வழியெல்லாம் பயம். பதினொன்று பன்னிரண்டு. பதிமூன்று. ஒரு கிலோவைத் தாண்டிவிட்டோம். இதை நிச்சயமாக நம்பியிருக்கவில்லை, ஆனால் காரணம் தெரியும், என்னிடம் ஒரு சின்ன ரகசியம் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு தடவை பெரியவரை நகர்த்தியதும் கணினி செலவு சொல்லும், இருநூற்றுப் பன்னிரண்டு கிராம் என்று. நாம் தாளில் எழுதி ஒப்பமிட வேண்டும். நான் வந்த முதல் மாதத்திலிருந்தே இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினேழு என்று நாலைந்து கிராம் கூட்டித்தான் எழுதுவேன். செலவைக் கூட்டி எழுதினால் மிச்சம் தாளில் குறையும், தொட்டியில் இருக்கும். அவருக்கே தெரியாமல் அவர் பையில் போட்டு வைத்த காசு மாதிரி. என் பங்கு அரைக் கிலோ தேறும். அரைக் கிலோ பத்து நிமிடம். ஆகவே இருபதில் தப்பித்தாலும் முப்பதாவது நிமிடத்தில் என் சேமிப்பும் தீர்ந்துவிடும், பதினொன்று இருபது, அதற்கு மேல் பத்து நிமிடத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

பதினொன்று இருபது. நூற்றிருபது. மணவாளன் இந்நேரம் தாளித்துக்கொண்டிருப்பார், கடுகை மறந்திருப்பார், அப்பா தப்பு என்றிருப்பார். அவர் பார்ப்பது இப்போது சின்னவர் வழியாக வருகிற படம், எட்டு நாளைக்கு முன்பே எல்லாச் சேனலையும் மாற்றிவிட்டோம். மாற்றின அன்றைக்கு அண்ணியைக் கேட்டேன், “ஒண்ணும் தெரியல, கண்ணை ஒரு தடவ சிமிட்டுன மாரி இருந்துச்சு” என்றாள். பதினைந்து வருடம் சுமந்தவர் போனதற்கு ஊரில் ஒரு கண் சிமிட்டல். நல்ல வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் போல. பதினொன்று இருபத்து மூன்று. நூற்றிருபது. இது எப்படி? என் பதினான்கும் தீர்ந்தது, என் அரைக் கிலோவும் தீர்ந்தது, எதை எரிக்கிறார் இவர்? ஒருவேளை பதினாறுதான் நிஜமோ. அப்படி நினைக்காதே செங்கமலம், நிஜமாக இருந்தாலும் நீ அது நிஜம் என்று தெரிந்து எழுதவில்லை. இருபத்தாறு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. நாற்பதாவது நிமிடம். அண்ணாச்சி எழுந்து நின்று உயரத்தைப் படித்தார், வேண்டிய உயரம் வந்துவிட்டது. பின்மேசையில் யாரோ கை தட்டினார்கள். நான் அழுதேன். அண்ணாச்சி கைக்குட்டையை நீட்டினார். பெரியவர் போகிறாரே என்று அழுகிறாள் என்று நினைத்திருப்பார், அதுவும் பொய்யில்லை.

உயரம் வந்தாலும் நிறுத்தக் கூடாது, மேலே வெடிக்கிற சாமான் எதையும் விட்டு வைக்கக் கூடாது என்பது விதி, தொட்டி காலியாகும் வரை எரிய விட வேண்டும். எரிந்தது. பதினொன்று நாற்பது, ஐம்பது. அறையில் எல்லோரும் திரையையே பார்க்கிறார்கள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு நூற்றிருபது நூறாகி, எண்பதாகி, இறங்கியது. அறுபத்தெட்டு நிமிடம். மூன்று கிலோ நானூறு. நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், போன வருடம் பதினாறுக்கும் மேலேயே இருந்திருக்கிறது. “இது எங்கேருந்து வந்துச்சு அண்ணாச்சி?” என்றேன். அண்ணாச்சி காலிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனக்கக் கூடாது. நான் எப்பவும் நாலு கிராம் கூட்டித்தான் எழுதுவேன். எங்கம்மா ஒல வைக்கதுக்கு முன்னால கோயிலுக்குன்னு ஒரு கைப்பிடி அரிசிய எடுத்துத் தனியாப் போடுவா. பசியில கெடந்தாலும் போடுவா. அந்தப் பழக்கம்.” பின்மேசையில் இருந்து ருக்மாங்கதன், நிமிர்ந்து பார்க்காமலே, “நானும்தான் சார், அஞ்சு கிராம்” என்றான். அப்புறம் இன்னொரு குரல். பதினைந்து வருடம், அறுநூறு தடவை, தடவைக்கு நாலு கிராம். ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவரும், தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், நானும் கூட்டி எழுதினேன் அண்ணாச்சி, ஆனால் போன வருடம் மிச்சத்தைக் கூட்டி எழுதினேன், பதினான்கு என்று எழுத வேண்டிய இடத்தில் பதினாறு, அப்பாவுக்காக. சிரிப்பு நின்றது. அண்ணாச்சி கிளாஸை மேசையில் வைத்தார். “எழுத்துல குடுத்துரு” என்றார். பிறகு, “நம்ம அரிசியத்தான் தின்னிருக்க” என்றார்.

ஷிப்ட் நோட்டை எடுத்தேன். பணி முடித்துப் போகிறவர் ‘பெரியவர் நலம், ஒப்படைத்தேன்’ என்று எழுத வேண்டும், வருகிறவர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுத வேண்டும், அதுதான் வழக்கம். முதலில் போன வருடத்தை எழுதினேன், தேதி, பதினான்கு, பதினாறு, எழுதியது நான். பிறகு ‘பெரியவர் நலம், ஒப்படைத்தேன்’. அடுத்த வரி காலி. பாக்கி ஒரே கட்டளை, அவருடைய ஒலிபரப்பியை அணைப்பது, அதற்குப் பிறகு அவர் இருக்கிறார் என்று சொல்ல அவரிடமிருந்து ஒரு சத்தமும் வராது. கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு, மேசைத் தொலைபேசியில் வீட்டுக்கு அடித்தேன். அண்ணி எடுத்தாள், மாமா இப்போதுதான் சண்டை போட்டு ஓய்ந்தார்கள் என்றாள். அப்பா காதில் வைக்கச் சொன்னேன். “அப்பா, போன வருஷம் ஒரு இடத்துல கூட்டி எழுதிட்டேன். உங்களுக்காக. இன்னைக்கு வண்டி நல்லபடியாப் போய்ச் சேந்துடுச்சு, ஆனா நான் எழுதுனது எழுதுனதுதான்.” மூச்சுச் சத்தம். ஒன்றும் புரியவில்லையோ என்று நினைத்தேன். “தப்பு” என்றார். மணவாளனுக்குச் சொல்கிற அதே குரல். ஆமாப்பா, தப்புதான், என்றேன். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்தது அந்த ஒரு சொல்லில் இறங்கியது, யாராவது எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன் போல. “அவரை அனுப்பிடலாமாப்பா?” என்றேன், குழந்தையிடம் கேட்பது மாதிரி இல்லை, இன்ஸ்பெக்டரிடம் கேட்பது மாதிரி. அந்தப் பக்கம் கட்டில் சட்டத்தில் கை தட்டுகிற சத்தம், ஒன்று, இரண்டு. “போ,” என்றார். “போலா.” பிறகு தொண்டையை ஒரு முறை செருமிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “ரைட்.” அண்ணி பின்னால் பென்சில் தேடுகிற சத்தம் கேட்டது. நான் பொத்தானை அழுத்தினேன்.